கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்: ஆப்ஜெக்டும் ஆவணமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மன்னவனூர்ப் பக்கம் சாலை சீராகிவிட்டது என்றும், அப்பா இப்போது கோலில்லாமல் நடக்கிறார் என்றும் படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்வதால் தேயிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது. கொள்முதல் மையங்களில் மாலை வேளைகளில் கூட்டம் கலைய நேரமாகிறது. சிறு தேயிலை விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்கை எழுதும் எங்கள் மென்பொருளுக்கும் அதனால் வேலை கூடியிருக்கிறது.

மலைப்பூண்டு விவசாயிகளுக்காக நீ எழுதும் இருப்புக் கணக்கு பற்றிக் கேட்டிருந்தாய். ஒவ்வொரு மூட்டையும் நிரலுக்குள் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது அதன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பொதி. அதை எக்ஸ்எம்எல் ஆவணமாக, அதாவது பெயர்க்குறிகளோடு விவரங்களை எழுதிய உரைக்கோப்பாக, வியாபாரிகளுக்கும் கிடங்குக்கும் அனுப்ப வேண்டும். ஆப்ஜெக்டின் வார்ப்பான கிளாஸில் இருக்கும் ஃபீல்டுகளையெல்லாம் (ஒவ்வொரு விவரத்துக்குமான இடங்களை) நூலகமே, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பே, தானாக எழுதிவிடும் என்றால் நான் எதற்காக ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது உன் கேள்வி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எந்த மூட்டை எந்த ஊரில் விளைந்தது என்ற பதிவுக்கே தனி மதிப்பு வந்துவிட்டது. அந்தப் பதிவைச் சுமக்கப்போகும் ஆவணத்தின் வடிவத்தை நூலகத்தின் இயல்புநிலைத் தேர்வுகளிடம் விட்டுவிடாதே. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

கிளாஸ் உன்னுடையது. அதை நீ நினைத்த நாளில் பிரிக்கலாம், சேர்க்கலாம், பெயர் மாற்றலாம். ஆவணம் உன் கையை விட்டுப் போன மறுகணமே மற்றவர்களுடையது ஆகிவிடுகிறது. கிடங்கில் உள்ளவர் அதைப் படிக்க ஒரு நிரல் எழுதியிருப்பார், அந்த நிரலை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், உன் பழைய கோப்புகள் ஏதோ ஒரு கணினியில் பல ஆண்டுகள் கிடக்கும். தானாக எழுதும் நூலகம் ஃபீல்டின் பெயரையே டேகின் (ஆவணத்தில் கோணக் குறிகளுக்குள் நிற்கும் பெயர்க்குறியின்) பெயராக்கிவிடுவதால், எடிட்டரில் ஒரு ஃபீல்டின் பெயரை அழகுக்காக மாற்றினால் வெளியே போகும் ஆவணமும் சத்தமில்லாமல் மாறிவிடும். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் எதுவும் சொல்லாது. ஆகவே ஃபீல்டுக்கு மேல் நூலகத்துக்குக் குறிப்பாக எழுதும் ஒவ்வொரு அன்னோட்டேஷனிலும் ஆவணத்துக்கான பெயரை வெளிப்படையாக எழுதிவிடு. ஃபீல்டின் பெயரும் அதுவும் இன்று ஒன்றாகவே இருந்தாலும் எழுதிவிடு.

எதை டேகுக்குள்ளேயே எழுதும் அட்ரிபியூட் ஆக்குவது, எதைத் தனி டேகோடு எழுதும் எலிமென்ட் ஆக்குவது என்பதில் உனக்குக் குழப்பம் இருப்பது தெரிகிறது. எங்கள் ஆவணத்திலிருந்து ஓர் இலை வரவைச் சுருக்கித் தருகிறேன். டேகுகளைத் தமிழிலேயே எழுத எக்ஸ்எம்எல் முதலிலிருந்தே இடம் கொடுத்திருக்கிறது.

<வரவு தேதி="2025-06-18" அலகு="கிலோ">
  <அங்கத்தினர் எண்="கோ214"/>
  <எடை>38.50</எடை>
  <ஈரக்கழிவு>1.50</ஈரக்கழிவு>
</வரவு>

தேதியும் அலகும் ஒரு வரவுக்கு ஒன்றுதான். அவற்றுக்குள் வேறு உள்ளமைப்பு இல்லை. மற்ற விவரங்களை எப்படிப் படிப்பது என்பதை அவை சொல்கின்றன. அதனால் அவை அட்ரிபியூட்டுகள். ஒரே டேகில் ஒரே அட்ரிபியூட்டை இரண்டு முறை எழுத முடியாது, அட்ரிபியூட்டுகளின் வரிசைக்குப் பொருளும் கிடையாது. எலிமென்டுகளை மீண்டும் மீண்டும் எழுதலாம், அவற்றின் வரிசை ஆவணத்தில் காக்கப்படும். இன்னொன்றையும் கவனி: அட்ரிபியூட்டின் மதிப்புக்குள் நேரடியாக எழுதிய வரிமுறிவை, ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் பார்சர் வெற்றிடமாக மாற்றிவிடும். மூன்று வரி முகவரியை அட்ரிபியூட்டில் வைத்தால் படிப்பவருக்கு ஒரே வரியாகத்தான் போய்ச் சேரும். முகவரி, குறிப்பு, நாளை விரிவடையக்கூடிய எதுவானாலும் எலிமென்டாகவே இருக்கட்டும்.

உன் கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய வானாய்வகம் இருப்பதால் வானியலாளர்களின் வழியையும் சொல்லத் தோன்றுகிறது. அட்டவணைத் தரவுகளைப் பரிமாறிக்கொள்ள அவர்கள் வோடேபிள் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தை வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பத்தியின் பெயரும் தரவு வகையும் அலகும் அட்ரிபியூட்டுகளாக ஒரே இடத்தில் அறிவிக்கப்படும். அளவீடு கிடைக்காத இடத்தில் எந்த மதிப்பு நிற்கும் என்பதைக்கூட முன்கூட்டியே அறிவிக்க வழி உண்டு. தன் கருவியைப் பார்த்தே இராதவர் பல ஆண்டுகள் கழித்துப் படிப்பார் என்று எண்ணி எழுதியவர்களின் கவனம் அதில் தெரிகிறது. அலகு எழுதாத எடையை இனி எங்கும் அனுப்பாதே.

கிடைக்காத மதிப்பு என்றேன் அல்லவா, நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எங்கள் கணக்கில் ஓர் அங்கத்தினர் ஒரு நாள் இலை கொண்டுவராமல் இருக்கலாம். கொண்டுவந்த இலை முழுவதும் தரம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஏற்ற எடை பூஜ்ஜியமாக இருக்கலாம். இலையை வாங்கிவைத்துவிட்டு, மின்சாரம் போனதால் எடை இன்னும் பதிவாகாமலும் இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு செய்திகள். ஆனால் ஜாவா நிரல்மொழியில் எடையை இன்ட் அல்லது டபிள் போன்ற அடிப்படை எண் வகையில் வைத்தால், மூன்றாவது நிலையை அந்த ஃபீல்டால் சொல்லவே முடியாது; அதற்கு இயல்பான மதிப்பு பூஜ்ஜியம், ஆவணத்திலும் பூஜ்ஜியமே போகும், படிப்பவரின் கணக்கில் அந்தக் குடும்பத்தின் அன்றைய உழைப்பு காணாமல் போகும். எலிமென்டே இல்லாத ஆவணத்தைப் படித்து ஆப்ஜெக்டை நிரப்பும்போதும் இதே கதிதான்: யாரும் தொடாத ஃபீல்டில் பூஜ்ஜியம் உட்கார்ந்திருக்கும், அது வந்த மதிப்பா வராத மதிப்பா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே தெரியாமல் இருக்க வாய்ப்புள்ள எதையும் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற நிலை) ஏற்கும் வகையில், எடை என்றால் பிக்டெசிமல் என்ற தசம எண் வகையில், வை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில், ஆப்ஜெக்டை ஆவணமாக்கும் எக்ஸ்எம்எல் சீரியலைசரில் ஃபீல்டின் பெயரோடு ஸ்பெசிஃபைடு என்று முடியும் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு பூலியன் துணை ஃபீல்டு வைத்து இந்த வேறுபாட்டைக் காப்பார்கள். பார்க்க அழகில்லை என்றாலும் நேர்மையான வழி அது. ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் ஜாக்ஸ்பி நூலகத்தில் நல் மதிப்புள்ள ஃபீல்டு இயல்பாக ஆவணத்திலிருந்து விடுபட்டுவிடும். விடுபட்டதற்கும் தெரியாததற்கும் வேறுபாடு வேண்டுமென்றால், அந்த எலிமென்டை நில்லபிள் (மதிப்பில்லாமலும் வரலாம்) என்று அறிவித்து, நில் என்ற குறியோடு எழுதச் செய்யலாம். அந்தக் குறியை எலிமென்டுக்கு மட்டுமே தர முடியும், அட்ரிபியூட்டுக்குத் தர வழியில்லை. உன் பூண்டு மூட்டையில் காய்ந்த பின் எடை என்று ஒரு ஃபீல்டு இருப்பதாக எழுதியிருந்தாய். பூண்டு காய்ந்து முடியும்வரை அது தெரியாத மதிப்பு. அதை அட்ரிபியூட்டாக வைத்திருக்கிறாய் என்றால் இன்றே எலிமென்டாக மாற்றிவிடு. தெரியவில்லை என்பதற்காக வெற்று எலிமென்டை எழுதும் பழக்கமும் வேண்டாம். வெற்றுச் சரம் தசம எண்ணாகாது, ஆவண வடிவத்தின் விதிகளைச் சொல்லும் ஸ்கீமா வைத்துச் சரிபார்ப்பவர் அதை மறுத்துவிடுவார்.

தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஜாவா டேட் வகையை விட்டுவிட்டு லோக்கல்டேட்டைப் பயன்படுத்து; ஜாக்ஸ்பிக்கு அதைத் தானாகக் கையாளத் தெரியாது, ஆப்ஜெக்டின் மதிப்பையும் ஆவணத்தின் எழுத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்று எழுத வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை ஸ்கீமாவின் வழக்கமும்கூட.

மூட்டைக்குள் விவசாயியும், விவசாயிக்குள் அவருடைய மூட்டைகளின் பட்டியலும் இருக்கின்றன என்றாய். நினைவகத்தில் இந்த இருவழித் தொடர்பு வசதியானது. ஆவணமோ மரவடிவம் கொண்டது, ஒரு கிளையிலிருந்து வேருக்குத் திரும்பிப் போக அதில் வழியில்லை. அப்படியே எழுதச் சொன்னால் ஜாக்ஸ்பி சுழற்சி இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். ஒரு பக்கத் தொடர்பை டிரான்சியன்ட் என்று விலக்கலாம், அல்லது விவசாயியை ஓரிடத்தில் முழுமையாக எழுதி, மூட்டையில் அவருடைய அடையாள எண்ணை மட்டும் சுட்டலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஒருவரின் பெயரைத் திருத்த வேண்டுமானால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அடையாள எண்ணுக்கான ஸ்கீமாவின் ஐடி வகையில் மதிப்பு எண்ணில் தொடங்கக் கூடாது. அதனால்தான் எங்கள் அங்கத்தினர் எண்ணுக்கு முன்னால் கோ என்ற எழுத்து நிற்கிறது.

அந்தக் கோ எழுத்திலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடில் ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எக்ஸ்எம்எல் பார்சர் இதைச் சமன் செய்வதில்லை, ஆகவே ஒரு மையத்தில் தட்டச்சு செய்த கோத்தகிரியும் இன்னொரு மையத்தில் தட்டச்சு செய்த கோத்தகிரியும் நிரலுக்கு இரண்டு ஊர்களாகத் தெரியக்கூடும். கொடைக்கானலுக்கும் இதே நிலைதான், ஒகரக் குறிக்கும் இரண்டு எழுத்துவழிகள் உண்டு. ஆவணத்தைப் படித்து ஆப்ஜெக்டில் வைக்கும் அடாப்டரிலேயே, இவற்றை ஒரே குறியெண்ணாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடு. ஜாவாவில் நார்மலைசர் கிளாஸ் அதைச் செய்துவிடும். ஆப்ஜெக்டையும் ஆவணத்தையும் பொருத்தும் மேப்பிங் என்ற ஒன்றைத் தனி இடமாக வைத்திருப்பதன் பயன் இதுதான், இப்படிப்பட்ட திருத்தங்களுக்கு அது ஒரே வாசலாக இருக்கிறது.

இவ்வளவு கவனமாக அன்னோட்டேஷன் எழுதினால் போதுமா, வேறு கிளாஸ்களும் வேண்டுமா என்று நீ கேட்கக்கூடும். சிறிய நிரலுக்கு அன்னோட்டேஷன் போதும். வளரும் நிரலுக்கு ஆவணத்தின் வடிவத்தையே கொண்ட எளிய கிளாஸ்களைத் தனியாக வைத்து, கணக்குப் போடும் கிளாஸ்களிலிருந்து அவற்றுக்கு மதிப்புகளை எடுத்து நிரப்புவது நல்லது. கூடுதல் நிரல்தான். ஆனால் நூலகங்கள் நிலையானவை அல்ல. 2006இல் ஜாவா 6 வந்தபோது ஜாக்ஸ்பி அதனுடனேயே வந்தது. 2018இல் ஜாவா 11 அதை வெளியே எடுத்துவிட்டது. பிறகு ஜகார்த்தா என்ற பெயருக்கு மாறியதில் அதன் கிளாஸ்கள் இருக்கும் தொகுப்பான பேக்கேஜின் பெயரும் மாறிப்போனது. அன்னோட்டேஷன்களைக் கணக்கு கிளாஸ்களெங்கும் தெளித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு கோப்பையும் திறக்க வேண்டியிருந்தது. அவர்கள் முன்பே அனுப்பிய ஆவணங்களோ, 1998இல் உறுதியான எக்ஸ்எம்எல் 1.0 விதிகளின்படி இன்றும் அப்படியே படிக்கக் கிடைக்கின்றன.

சோதனை பற்றி நீ எழுதியிருந்த முறை எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஆப்ஜெக்டை எழுதி, அதே கிளாஸால் திரும்பப் படித்து, இரண்டும் சமமா என்று பார்க்கிறாய். ஃபீல்டின் பெயர் மாறினால் எழுதுவதும் புதிய பெயரில் நடக்கும், படிப்பதும் புதிய பெயரில் நடக்கும், சோதனை பச்சை விளக்குக் காட்டும். கிடங்கில் மட்டும் ஒன்றும் படிக்காது. ஏற்கெனவே வெளியே அனுப்பிய ஆவணங்களில் சிலவற்றை நிரலோடு சேர்த்து வைத்துக்கொள்: காய்ந்த எடை தெரியாத மூட்டை ஒன்று, பூஜ்ஜிய எடை ஒன்று, ஓகாரம் இரண்டு குறியெண்களாக எழுதப்பட்ட ஊர்ப்பெயர் ஒன்று. புதிய நிரல் அவற்றைப் படித்து, எதிர்பார்த்த மதிப்புகளைத் தர வேண்டும். புதிய நிரல் எழுதுவதும் அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும். ஒப்பிடும்போது அட்ரிபியூட்டுகளின் வரிசையைப் பொருட்படுத்தாத ஒப்பீட்டுக் கருவியைப் பயன்படுத்து, வெறும் எழுத்து ஒப்பீடு வேண்டாம்.

உன் மூட்டை கிளாஸையும், அதற்கு எப்படிப்பட்ட ஆவணம் வர வேண்டும் என்று நீ கையால் எழுதிய ஒரு மாதிரியையும் அனுப்பு. மாதிரியை முதலில் எழுது, கிளாஸைப் பார்க்காமல் எழுது, கிடங்கில் இருப்பவரிடம் காட்டி அவருக்குப் புரிகிறதா என்று கேள். அது வந்ததும் அடாப்டர்களை நான் எழுதித் தருகிறேன். என்எஃப்சிக்கான எங்கள் நிரலை அப்படியே நீ எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் ஊட்டிக்கு வரும் வேலை இருக்கிறது என்றாயே, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கோத்தகிரிக்கு வா, உட்கார்ந்து முடித்துவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் கோத்தகிரி நண்பன்