பெரியகுளத்திலிருந்து கயலுக்கு

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று நீ முடித்துவிடுகிறாய், நானும் வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான், கேட்க நினைத்தது ஒன்றையும் கேட்கவில்லை என்று தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

பொங்கலன்று நீ கூப்பிடுவாய் என்று அப்பா போனைச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்தான் உன் செய்தி வந்தது. "ரன் ஓடிக்கிட்டு இருக்கு, அப்புறம் பேசுறேன்." அவ்வளவுதான். கணினியில் கணக்கு ஓடுகிற வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் சூரியனுக்குப் பொங்கல் வைக்கிற நாளில், சூரியனையே வேலையாக வைத்திருக்கும் பிள்ளை ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மீனா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, கிணற்று மோட்டார் மாற்றியாகிவிட்டது. அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? ஒஸ்லோவில் இந்த மாதத்தில் ஒன்பது மணிக்கு விடிந்து நாலு மணிக்குள் பொழுது அடைந்துவிடுகிறதாமே. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வைட்டமின் டி மாத்திரையை விடாதே. அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் மீன் எண்ணெய் குடிப்பார்கள் என்று நீதான் சொன்னாய். வாடை பிடிக்கவில்லை என்று தள்ளிவைக்காதே. வெள்ளிக்கிழமை முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

போன முதல் வருஷம் நீ இப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூப்பிட்டு, நான் கேட்காமலே எல்லாம் சொல்வாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நீ காந்தப்புலம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய், நான் அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன். அதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. போன வாரம் டியூஷனுக்கு வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், கயல் அக்கா அங்கே என்னதான் பண்றாங்க?" என்று கேட்டாள். கரும்பலகையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நானே சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று நீ பார்த்துத் திருத்து.

சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் 5,500 டிகிரி. அதற்கு மேலே இருக்கும் கொரோனாவில், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தில், 10 லட்சம் டிகிரிக்கும் மேல். சூட்டிலிருந்து விலகிப் போகப் போகக் குளிர வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன், இங்கே தலைகீழாக இருக்கிறது. அதுவும் மெல்ல மெல்ல ஏறாமல், சில நூறு கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்குக்குத் தாவிவிடுகிறது. ஆற்றல் பற்றாக்குறை இல்லை, கொரோனா அவ்வளவு மெலிதானது, சூரியன் வெளியே அனுப்பும் மொத்த ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேவையில்லை என்று நீ சொன்னதையும் சொன்னேன். அந்தச் சின்னப் பங்கு எந்த வழியாக மேலே ஏறுகிறது, ஏறியது எப்படி வெப்பமாக மாறுகிறது, இதுதான் கேள்வி. காந்தப்புலக் கோடுகளின் வழியே போகும் அலைகள் கொண்டுபோகின்றன என்பது ஒரு கட்சி. ஸ்வீடன் இயற்பியலாளர் ஆல்வேன் 1942-ல் சொன்ன அலைகள். இன்னொரு கட்சி அமெரிக்க இயற்பியலாளர் பார்க்கருடையது. மேற்பரப்பில் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குக் குமிழ் குமிழாகக் கொதிக்கிறது, ஒவ்வொரு குமிழும் பத்து நிமிஷம் போல இருந்து கலைகிறது. புலக்கோடுகளின் கால்கள் அந்தக் குமிழ்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் இழுபடுகின்றன. கால் நகர நகர மேலே கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உன் தலைமுடியை நான் பின்னிப் பின்னி இறுக்கியதுபோல, ஒரு அளவுக்கு மேல் இறுகினால் எங்காவது அறுந்து வேறுவிதமாகச் சேர்ந்துகொள்ளும், அப்போது தேக்கி வைத்த ஆற்றல் வெப்பமாக வெளியேறும். ஒவ்வொரு அறுபடலும் மிகச் சின்ன வெடிப்பு, எண்ணிக்கையோ ஏராளம். அந்தப் பெண்ணுக்கு இது உடனே புரிந்துவிட்டது.

கணினியில் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும்போதுதான் எனக்கே பெருமையாக இருந்தது. சூரியனில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல ஒரு பெட்டி, பக்கத்துக்கு 24,000 கிலோமீட்டர், மேற்பரப்புக்குக் கீழே 2,400, மேலே 14,400. அதை 504-க்கு 504-க்கு 496 என்று 12 கோடிக்கும் மேலான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடர்த்தி, வேகம், ஆற்றல், காந்தப்புலம் எல்லாவற்றையும் நொடிக்குள் பலமுறை கணக்கிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஃப்ரோஸ்ட் நிரலில் ஓடியது, எல்லோரும் பார்க்கட்டும் என்று 2016-ல் திறந்து வைத்தது. அதற்கும் முன்னாடி, 2002-ல் குடிக்சனும் நோர்ட்லுண்டும் செய்த வேலையை நீ சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. மேலே வெப்பத்தை யாரும் கொட்டவில்லை. கீழே குமிழ்களின் அசைவை மட்டும் கொடுத்தார்கள், புலக்கோடுகள் பின்னிக்கொண்டன, கொரோனா தானாக 10 லட்சம் டிகிரிக்கு ஏறியது.

"அப்போ விடை கிடைச்சிடுச்சே" என்று அன்றைக்கு நான் கேட்டேன். நீ வெகுநேரம் விளக்கினாய். சூரியனில் அந்த அறுபடல் நடக்கும் இடங்கள் மிகவும் மெல்லியவை, கணினியின் ஒரு கட்டமோ 48 கிலோமீட்டர். கட்டத்துக்குள் நடப்பதைக் கணினி பார்க்க முடியாது, அதனால் புலம் கரைவதைச் சூரியனில் இருப்பதைவிடப் பல மடங்கு கூட்டி வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வெப்பம் வருகிறது, ஆனால் சூரியனில் வரும் அதே காரணத்தால்தான் வருகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சரி, கட்டத்தைப் பாதியாக்கு என்றேன். பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரத்தையும் பாதியாக்க வேண்டும், ஆக 16 மடங்கு வேலை என்றாய். அப்புறம் அந்த நிறமாலைக் கோடுகள், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் தெரிகிற கோடுகள். கணினிச் சூரியனிலிருந்து மக்னீசியத்தின் நிறமாலைக் கோட்டைக் கணக்கிட்டு, 2013-ல் ஏவிய ஐரிஸ் விண்கலம் எடுத்ததோடு வைத்துப் பார்த்தால், உங்களுடையது ஒல்லியாக வருகிறது. உண்மையான சூரியனில் கோடு அகலம். பெட்டியில் இருப்பதைவிட அதிகக் கொந்தளிப்பு அங்கே இருக்கிறது, ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. "ஒல்லியாவே வருதும்மா" என்று நீ சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் நீ வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாய். ஓடிக்கிட்டு இருக்கு, ஓடிக்கிட்டு இருக்கு, இது ஒன்றுதான்.

ராத்திரி ஓடட்டும், நீ தூங்கு. அது ஓடுவதை நீ உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

தம்பியை நான் துருவவில்லை. அவனாகத்தான் ஏதோ சொன்னான், சொல்லும்போதே பாதியில் நிறுத்திக்கொண்டான். என்ன என்று நான் கேட்கவில்லை. அதைப் பற்றி நான் எழுதவும் போவதில்லை. பார்க்கர் பெயரைக் கரும்பலகையில் எழுதியபோது வேறொன்று நினைவுக்கு வந்தது, அதை மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படி.

1958-ல் அவருக்கு 31 வயது, உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இவ்வளவு சூடான கொரோனா சூரியனோடு ஒட்டிக்கொண்டு நிற்க முடியாது, ஒலியைவிட வேகமாக வெளியே வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை அனுப்பினார். இன்றைக்குச் சூரியக் காற்று என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்குச் சரிபார்த்த இரண்டு நிபுணர்களும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பத்திரிகையின் ஆசிரியர் நம் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் கணக்கில் பிழை என்று யாரும் காட்டவில்லையே என்று கட்டுரையைப் போட்டார். சில வருஷத்திலேயே விண்கலங்கள் அந்தக் காற்றை அளந்து சொல்லிவிட்டன. 60 வருஷம் கழித்து 2018-ல் பார்க்கர் பெயரிலேயே ஒரு விண்கலம் கிளம்பியபோது, 91 வயதில் அவர் நேரில் நின்று பார்த்தார். 2024 டிசம்பர் 24-ஆம் தேதி அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரம்வரை போய் வந்திருக்கிறது, கொரோனாவுக்குள்ளேயே. பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த கட்டுரையை எல்லாம் அவர் மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். நீ பூட்டிவிட்டாய் என்று நான் சொல்லவில்லை.

அந்தப் பச்சைக் கோட்டையும் யோசித்துப் பார். 1869 கிரகணத்தில் அமெரிக்காவில் கொரோனாவின் நிறமாலையில் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். பூமியில் இல்லாத புதுத் தனிமம் என்று கொரோனியம் எனப் பேரும் வைத்தார்கள். எழுபது வருஷம் அப்படியே போனது. ஜெர்மனியில் க்ரோட்ரியனும் ஸ்வீடனில் எட்லேனும் வந்துதான், அது சாதாரண இரும்பு, 13 எலக்ட்ரானை இழந்து நிற்கிறது, அப்படி இழக்க வேண்டுமென்றால் 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன பிறகுதானே உன் கேள்வியே பிறந்தது? எண்பது வருஷமாக இத்தனை பெரிய மூளைகள் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி. உன்னுடைய இரண்டு மூன்று வருஷத்தில் முடியவில்லை என்று நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டால், எனக்குக் கோபம் வருகிறது கயல். சத்தமாகவே சொல்கிறேன், கோபம் வருகிறது. உன்னை அதற்கா வளர்த்தோம்? கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியனின் படத்தைத் திரையில் விழவைத்துக் காட்டினார்களே, கரும்புள்ளியைப் பார்த்துவிட்டு, பஸ் போய்விடும் என்று நான் இழுக்க இழுக்க நகர மாட்டேன் என்று நின்ற பிள்ளை நீ. ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் அதே மலையில் 1909-ல் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளியே பாய்வதைக் கண்டுபிடித்தார் என்று, இறங்கும் வழியெல்லாம் எனக்கே பாடம் எடுத்தாய்.

தெருவில் யாரைப் பார்த்தாலும், பெண் நார்வேயில் சூரிய ஆராய்ச்சி என்று அப்பா சொல்கிறார். சொல்ல வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. நீயும் தடுக்காதே.

சாப்பாடு விஷயம். ரொட்டியும் சீஸுமாகவே நாளைக் கடத்தாதே. அந்த யாழ்ப்பாணத்து அக்கா கடையில் அரிசி மாவும் முருங்கைக்கீரையும் கிடைக்கிறது என்றாயே, வாரம் ஒருமுறை போய் வா. அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லாமல் போ. நாலு பேர் தமிழில் பேசுவதைக் கேட்டாலே பாதித் தூக்கம் வரும். பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், நார்த்தங்காய் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம், சூரியனைப் பார்க்கும் நம் ஆதித்யா-எல்1 விண்கலம் பற்றியும் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அதில் கொரோனாவைப் பார்க்கும் பெரிய கருவி பெங்களூர் வானியற்பியல் நிறுவனத்தில் செய்தது. கொடைக்கானலும் அவர்களுடையதுதான். 1869-ல் பார்த்தார்களே, அந்தப் பச்சைக் கோட்டையே இந்தக் கருவி கிரகணம் இல்லாமலே பார்க்கிறதாம். பார்த்ததைப் புரிந்துகொள்ள உன்னைப் போல் கணக்குப் போடுகிறவர்கள் அங்கேயும் வேண்டும்தானே? சும்மாதான் சொல்கிறேன். பெங்களூரில் இருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இங்கே வந்துவிடலாம். சும்மாதான். ஒஸ்லோவிலேயே இருந்து அந்த மக்னீசியக் கோட்டை அகலமாக்கிவிட்டுத்தான் வருவேன் என்றால் அதுவும் எங்களுக்குச் சந்தோஷம். எதுவாக இருந்தாலும் நீயாகச் சொல். தம்பி வாயிலிருந்து நான் கேட்கக் கூடாது.

உன் ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நீ அனுப்பிய விசா காகிதத்திலேயே தேதி இருந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் ஆகஸ்டுக்கு டிக்கெட் விலை பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், நீ விடுமுறைக்கு வருவாய் என்ற நினைப்பில். பார்க்கச் சொல்லட்டுமா? போக வரவா, வருவதற்கு மட்டுமா? அதை எனக்கு எழுது. கட்டுரை பற்றி இப்போது எழுத முடியாவிட்டால் பரவாயில்லை, இதை மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா