ஒரு மேசை கேட்டு ஒரு திறந்த மடல்

சனிக்கிழமை மேஜிக் கார்டு விளையாட்டில் கமாண்டர் ஆட்டம் நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். கதவுப் பக்கத்து மேசையில், சிவப்பு ஸ்லீவ் உறை போட்ட நூறு கார்டு டெக்கோடு உட்கார்ந்திருப்பேனே, அந்த ஆள்தான். உங்களில் ரெண்டு பேர் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறீர்கள், அதனால்தான் நேரில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. குழுவில் போட்டால் மூன்று நிமிடத்தில் நாற்பது ஸ்டிக்கருக்குக் கீழே புதைந்துவிடும். ஆகவே இந்த மடல்.

போன சனிக்கிழமை நடந்ததை நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இருந்தாலும் என் நாற்காலியிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நாலு பேர் மேசை, ஆடும் வரிசையில் நான் நாலாவது. முதல் டர்ன் ஒரு மவுன்டன் (கார்டு இறக்கத் தேவையான மனா தரும் லேண்ட் கார்டு), ஒரு இன்வென்டர்ஸ் அப்ரென்டிஸ். ரெண்டாவது டர்ன் ரெக்லெஸ் ஃபயர்வீவர். மூன்றாவது டர்ன் ஃபவுண்டரி இன்ஸ்பெக்டர். அது ஆர்ட்டிஃபாக்ட் (கருவி, இயந்திர வகைக் கார்டு) என்பதால் ஃபயர்வீவர் எதிராளிகள் மூணு பேருக்கும் தலா 1 டேமேஜ் கொடுத்தாள். உயிர்ப் புள்ளி 40-லிருந்து 39. மூணு பேரும் தாயக்கட்டையை ஒரு எண் திருப்பி வைத்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க நான் இந்த உலகத்தில் ஏற்படுத்திய மாற்றம் அவ்வளவுதான். அடுத்த டர்னில் என் கமாண்டர், டெக்குக்கே தலைமை தாங்கும் கார்டு, இறங்க வேண்டும், அதற்கு நாலு மனா, நாலாவது மவுன்டன் கையில் தயார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி தன் டர்னில் தாஸாஸ் ஆரக்கிளை இறக்கினார், அதன் விளைவு நடக்கும் முன்பே டெமானிக் கன்சல்டேஷன் போட்டார், டெக்கிலேயே இல்லாத ஒரு கார்டின் பெயரைச் சொல்லித் தன் லைப்ரரி (இன்னும் எடுக்காத கார்டுகள்) மொத்தத்தையும் எக்ஸைல் செய்தார், அதாவது ஆட்டத்தை விட்டே நீக்கினார், லைப்ரரி காலியானதால் ஆரக்கிளின் விளைவில் ஜெயித்தார். நான் அந்த மவுன்டனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தம்பிமேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. சுத்தமாக, வேகமாக ஆடுகிறவர். ஆட்டம் முடிந்ததும் "சாரிண்ணா" என்று வேறு சொன்னார். அவரையும் என்னையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது யார் என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது.

ஒன்பது சனிக்கிழமைக்கு முன்பு வரை இங்கே இந்தத் தொல்லை கிடையாது. ஆட்டத்துக்கு முன் "என்ன டெக் கொண்டுவந்திருக்கீங்க, எந்த பிராக்கெட்" என்று கேட்டு, டெக்கின் பலத்தை வைத்துப் பிரிக்கும் அந்த வகைப்படி உட்கார வைப்பீர்கள். பிறகு புள்ளிப் பட்டியல் வந்தது, மாதக் கடைசியில் பரிசு வந்தது, கூடவே ஒரு அறிவிப்பும் வந்தது: நேரம் போதவில்லை, இனி பிராக்கெட் கேட்க மாட்டோம், எல்லோருக்கும் குலுக்கல்தான். அன்றிலிருந்து நான் ஆடியது 22 ஆட்டம். என் கமாண்டர் மேசையில் இறங்கியது 5 ஆட்டத்தில். கணக்கு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, சந்தேகம் இருந்தால் நோட்டைக் கொண்டுவருகிறேன்.

நான் கேட்பது ஒரு மேசை. நாலு நாற்காலி. பலம் குறைந்த பிராக்கெட் 1, 2 டெக்குகளுக்கு மட்டும். புள்ளி வேண்டாம், பரிசு வேண்டாம்.

இந்தக் கோரிக்கையை ஏற்கெனவே ஒரு தடவை வாய்வார்த்தையாகச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில், "டெக்கைக் கொஞ்சம் அப்கிரேட் பண்ணுங்கண்ணா." நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த டெக் என்ன என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2016-ல் கலாதேஷ் என்ற புதுக் கார்டுத் தொகுப்பு (செட்) வந்தபோதுதான் நான் மேஜிக் ஆட ஆரம்பித்தேன். நம் நாட்டை மனதில் வைத்து வரைந்த உலகம் அது. புடவை மடிப்பு போல உடைகள், பித்தளை வேலைப்பாடு, பறக்கும் இயந்திரப் பறவைகள், கார்டில் ராஷ்மி, சஹீலி என்று பெயர்கள். அதுவரை எல்ஃப், வாம்பயர், கோட்டை கொத்தளம் என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்னவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஏழு கடல் தாண்டி யாரோ நம்மை ஓரக்கண்ணால் பார்த்து வரைந்த மாதிரி, பாதி சரி, பாதி வேடிக்கை. (அந்தப் பெயரே சரியில்லை என்று 2025-ல் ஈதர்டிரிஃப்ட் செட் வந்தபோது அவிஷ்கார் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் வாயில் கலாதேஷ்தான் வருகிறது, மன்னிக்கவும்.)

என் கமாண்டர் பியாவும் கிரணும். ரெண்டு பேரும் ஒரே கார்டு, புருஷன் பெண்டாட்டி, மேஜிக் கதையின் நாயகிகளில் ஒருத்தியான சந்திராவின் அப்பா அம்மா. இறங்கும்போது ரெண்டு தாப்டரை (குட்டிப் பறக்கும் இயந்திரம்) பறக்கவிடுவார்கள். கதையில் கிரண் செத்துப்போகிறார். செத்துவிட்டாள் என்று மகள் நம்பிய பியா பிறகு கிளர்ச்சிக்காரர்களின் தலைவியாக வந்து நிற்கிறாள். டெக்குக்கு நான் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் ஒவ்வொரு கார்டின் படமும் அந்த உலகத்தைக் காட்ட வேண்டும். லேண்ட் உட்பட.

லேண்ட் உட்பட என்பதைச் சொல்வது சுலபம். கலாதேஷ் செட்டில் மவுன்டனுக்கு மூன்று படங்கள். எனக்கு வேண்டியது 36, படத்துக்குப் பன்னிரண்டாக. ஒரு மவுன்டனுக்குக் காசு ஒன்றும் கிடையாது, ஆனால் காசில்லாத பொருளைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. யாரும் விற்க மாட்டார்கள், எல்லோர் வீட்டிலும் ஷூ பெட்டியில் கலந்துகட்டிக் கிடக்கும். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அத்தை மகன் எட்டு கொண்டுவந்தான். உங்களில் ஒருவர் பையோடு தூக்கிக் கொடுத்ததில் பதினொன்று தேறியது, அதற்கு இன்றும் நன்றி. 35 வரை வந்து மூன்று மாதம் அப்படியே நின்றது. கடைசி மவுன்டன் பெங்களூருவில் ஒரு டிராஃப்ட் (பாக்கெட் பிரித்து ஆடும் போட்டி) முடிந்த மேசையில், எல்லோரும் விட்டுவிட்டுப் போன லேண்ட் குவியலில் கிடைத்தது. ஒரு மூலை லேசாக மடங்கியது. அதை ஸ்லீவில் போட்ட அன்று ராத்திரி வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன், அவர்கள் அதை என்னவென்று நினைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மொத்தம் பதினோரு மாதம் ஆனது. சோல் ரிங் கிடையாது, ஏனென்றால் கலாதேஷ் படத்தோடு இருக்கும் சோல் ரிங் அந்தக் காலத்து அரிதான மாஸ்டர்பீஸ் கார்டு, அதன் விலைக்கு நான் ஒரு சைக்கிள் வாங்கிவிடுவேன். "சோல் ரிங் இல்லாம ஒரு கமாண்டர் டெக்கா" என்று சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பதிலாகக் கல்டிவேட்டர்ஸ் கேரவன் இருக்கிறது. ஹார்ட் ஆஃப் கிரண் என்று ஒரு வண்டி இருக்கிறது, செத்துப்போன மனிதரின் பெயரைத் தாங்கிப் பறக்கிற வண்டி, அதைக் கிரணே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஆட்டத்தில் அமைந்தது. கமாண்டரைப் பக்கவாட்டில் திருப்பி (டேப் செய்து) வண்டிக்கு ஆள் ஏற்றினேன், பவர் போதவில்லை, துணைக்கு ஒரு தாப்டரும் ஏறியது. அன்று நான் தோற்றேன், ஆனால் அந்த மேசையில் இருந்த நாலு பேரும் இன்னும் அதைப் பேசுகிறோம்.

ராகவன் என்ற கார்டைச் சேருங்கள் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். கதைப்படி ராகவன் என் டெக்கில் இருக்க வேண்டியவன்தான். வான் கொள்ளைக்காரி கரி ஸெவ்வின் குரங்கு அவன், கரி ஸெவ் என்னிடம் இருக்கிறாள், அவள் தாக்கும்போதெல்லாம் டோக்கனாகக் கூடவே ஓடிவருகிறான். அது போதும். ஒற்றை மனாக் குரங்குக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டில் என்ன சொல்வது? அதிலும் ராகவன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ராகவனுக்குத்தான் குரங்கு சேவகம் செய்தது, இங்கே குரங்கே ராகவன். கம்பன் பார்த்தால் என்ன சொல்லியிருப்பான் தெரியவில்லை.

ஆக, அப்கிரேட் செய்தால் அது வேறு டெக். அதைச் செய்யத் தெரியாமல் இல்லை. நாளைக்கே நானும் வலையில் ஒரு பட்டியலைப் பார்த்து, நூறு கார்டையும் பிரின்ட் எடுத்து ஸ்லீவில் போட்டு, நாலாவது டர்னில் ஜெயித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு டீ குடிக்கப் போகலாம். எல்லோரும் அப்படி வந்தால் சனிக்கிழமை ஏழரை மணிக்கே கடையைக் கட்டிவிடலாம், நேரம் போதவில்லை என்ற உங்கள் பிரச்சினையும் தீரும்.

பிராக்கெட் என்பது நான் கிளப்பிவிட்ட புதுக் கதை இல்லை. 2024 செப்டம்பரில் மனா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் போன்ற பலமான கார்டுகளைத் தடை செய்ததற்கு, கமாண்டர் விதிகளைக் கவனித்த குழுவினருக்கு மிரட்டல் வந்து, அவர்கள் பொறுப்பையே மேஜிக் தயாரிக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, 2025 பிப்ரவரியில் நிறுவனமே கொண்டுவந்த ஏற்பாடு அது. அதில் முதல் பிராக்கெட் என்னைப் போன்ற ஆட்களுக்கென்றே எழுதியது: பலத்தைவிடக் கருப்பொருள்தான் முக்கியம் என்கிற டெக்குகளுக்கு. அங்கே யாரும் ஜெயிக்கவோ தோற்கவோ குறைந்தது 9 டர்னாவது ஆகும் என்று எதிர்பார்க்கலாம் என்று பிறகு விளக்கமும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது மூன்று. ஒன்பதில் மூன்று. ரேஷன் கடையில்கூட இந்த அளவுக்கு எடை குறையாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? கமாண்டர் என்பதே நாள் முழுக்கப் போட்டியில் தீர்ப்பு சொல்லிக் களைத்த நடுவர்கள் ராத்திரியில் உட்கார்ந்து, பழைய டிராகன்களையும் உதவாக்கரைக் கார்டுகளையும் போட்டு, சிரித்துப் பேசி ஆடி வளர்ந்த ஆட்டம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்களில் ஒருவர்தான். அதற்குப் புள்ளிப் பட்டியல் போட்டது எந்த நேரத்தில் வந்த யோசனையோ. பரிசு என்ன, ஒரு பூஸ்டர் கார்டுப் பாக்கெட். பிரித்துப் பார்த்தால் ஸ்பைடர்மேன் வருகிறான். அடுத்த மாதம் யார் வருவார்கள் என்று நிறுவனத்துக்கே தெரியுமோ என்னவோ, இரண்டு மாதத்துக்கு ஒரு செட் என்று இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள், நாம் ஒன்றின் கார்டுப் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்ததற்கு முன்பதிவு ஆரம்பித்துவிடுகிறது. சரி, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். அந்தக் கோபத்தை உங்கள்மேல் காட்டக் கூடாது. நான் கேட்க வந்தது மேசை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு கல்லூரிப் பையன் வந்தான், முழுக்கப் பூனைகளாக ஒரு டெக், ஒவ்வொரு பூனைக்கும் தன் தெருப் பூனை ஒன்றின் பெயர் வைத்திருந்தான். முதல் ஆட்டம் ஐந்தாவது டர்னில் முடிந்தது, ரெண்டாவது அதற்கும் முன்னால். மூன்றாவதுக்கு உட்காராமல், சும்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். அவனை அப்புறம் நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?

பலமான டெக் வைத்திருப்பவர்களை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஐந்து மேசை இருக்கட்டும், புள்ளி இருக்கட்டும், பட்டியலில் அவர்கள் பெயரே முதலில் இருக்கட்டும். குலுக்கல் போடும் முன்பு "பிராக்கெட் 1, 2 யாராவது இருக்கீங்களா" என்று ஒரே ஒரு தடவை குரல் கொடுங்கள். கை தூக்குபவர்களைத் தனியாக உட்கார வையுங்கள். நாலு பேர் சேராவிட்டால் மூணு பேராக ஆடிக்கொள்கிறோம். அதற்குக் கால் நிமிடம் ஆகும், உங்கள் நேரக் கணக்கில் அது இடிக்காது என்று நம்புகிறேன். செங்கல்பட்டு லோக்கலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வருகிறவனுக்கு அந்தக் கால் நிமிடம் தரலாம்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் சொந்த நேரத்தைச் செலவழித்து, நாற்காலி தூக்கிப் போட்டு, கடைசியில் குப்பையையும் கூட்டிவிட்டுப் போகிறவர்கள் நீங்கள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் வேறு இடம் தேடிப் போகாமல் உங்களிடமே கேட்கிறேன். தயவுசெய்து ஒரு மேசை. ஃபேன் ஓடாத அந்த மூலை மேசையாக இருந்தாலும் பரவாயில்லை, வரும் சனிக்கிழமையிலிருந்து கொடுத்தால் சந்தோஷம்.

அன்புடன்,
கதவுப் பக்கத்து மேசைக்காரன்

பி.கு.: வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன், 35 மவுன்டன்தான் இருக்கிறது. கையில் வைத்திருந்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு மூலை லேசாக மடங்கியிருக்கும். யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து எடுத்து வையுங்கள்.