பேரனுக்கு ஜெரமி பிரெட்டைக் காட்டு

அன்புள்ள சந்தானம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. முழங்கால் வலியோடு மேஜையில் உட்கார முடியாததால் பதில் தள்ளிப் போயிற்று. இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் மிரட்டுகிறது.

பேரனுக்கு 'ர' சரியாக வரவில்லையென்று பள்ளி நாடகத்தில் வசனமே தராமல் மரமாக நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. சின்னப் பையனிடம் இப்படியா நடந்துகொள்வது? துப்பறியும் கதைநாயகன் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தவர்களில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்றும் கேட்டிருந்தாய். இங்கிலாந்து நடிகர் ஜெரமி பிரெட்தான், சந்தேகமே இல்லை. அவருக்கும் சிறுவயதில் 'ர' வராது! பதின்ம வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்கப்புறமும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உச்சரிப்புப் பயிற்சியைத் தினமும் செய்வாராம். ஹோம்ஸாக அவர் பேசும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும்.

ஜெரமியின் அப்பா ராணுவ அதிகாரி. மகன் நடிகனாவதில் அவருக்கு இஷ்டமில்லை, ஹக்கின்ஸ் என்ற குடும்பப் பெயரை மேடையில் பயன்படுத்தக்கூடாது என்றுவிட்டார். இவர் போட்டிருந்த சூட்டின் லேபிளில் இருந்த 'பிரெட்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 1954இல் மான்செஸ்டரில் மேடையேறி, 1956இல் லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்கு, 1967 முதல் பெரிய நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் நேஷனல் தியேட்டர் என்று போனார். நடுவில் 1964இல் 'மை ஃபேர் லேடி' படம். அதில் பாட்டுக்கு வேறொருவர் குரல். பிரெட்டுக்கே நன்றாகப் பாட வரும் என்பதுதான் வேடிக்கை.

1980இல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் அவர் ஹோம்ஸின் நண்பர் வாட்சனாக நடித்தார், ஹாலிவுட் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸ். நான்கே வருடத்தில் இங்கிலாந்தின் கிரானடா டெலிவிஷன் தன் தொடரில் அவரை ஹோம்ஸ் ஆக்கியது. ஹோம்ஸின் பழக்கவழக்கங்களை ஆர்தர் கோனன் டாயில் எழுதிய மூலக்கதைகளிலிருந்து தொகுத்த 77 பக்கக் கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கதையை விட்டு விலகினால் தயாரிப்பாளர்களிடம் சண்டை போடுவார். திடீரென்று சோஃபாவைத் தாண்டிக் குதிப்பது, விரலை வீசுவது, வெடுக்கென்ற சிரிப்பு... மிகை நடிப்பு என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்துப் பழகிய உடம்பு அது. அடுத்த நொடியே கண் இமைக்காமல் உட்கார்ந்து ஒருவர் பேச்சைக் கேட்பாரே, அதுவும் மேடை தந்ததுதான். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1988இல் ஹோம்ஸும் வாட்சனும் மட்டும் வரும் ஒரு நாடகத்தை லண்டனில் மேடையேற்றி, ஒரு வருடம் நடித்தார்.

கடைசிப் பகுதிகளில் ஊதிப்போய்விட்டார், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தானம், அது சோம்பேறித்தனத்தால் வந்த உடம்பு இல்லை. 1985இல் மனைவி இறந்தபின் மனநோய் முற்றி, லித்தியம் மாத்திரை சாப்பிட்டார். அதனால் உடம்பில் நீர் கோத்தது. சிறுவயதுக் காய்ச்சலொன்றால் இதயம் ஏற்கெனவே பழுது. 1994இல் ஒரு கதை எடுக்கும்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால், ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் துப்பறிவதாக மாற்றி எடுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே தொடரில் மொத்தம் 41 படங்களை முடித்துவிட்டு, 1995இல் 61 வயதில் போய்விட்டார். எனக்கென்னவோ அந்தக் கடைசிப் படங்களில்தான் ஹோம்ஸின் தனிமை நன்றாகத் தெரிகிறது.

தொடரின் 'டெவில்ஸ் ஃபுட்' கதையில், ஹோம்ஸ் தன் போதை ஊசியைக் கடற்கரை மணலில் புதைப்பார். மூலக்கதையில் அது கிடையாது. கதையை விட்டு நகர மாட்டேன் என்றவர், குழந்தைகள் நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஆர்தர் கோனன் டாயிலின் மகளிடம் அனுமதி வாங்கிச் செய்தது அது.

பேரனுக்கு முதலில் அந்தத் தொடரின் 'ப்ளூ கார்பங்கிள்' கதையைப் போட்டுக் காட்டு. வாத்து, கிறிஸ்துமஸ் என்று கலகலப்பாக இருக்கும். 'ர'வுக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள். நம் மருமகளிடம் சொல், அறுவை சிகிச்சை எல்லாருக்கும் தேவைப்படாது.

வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். கால் ஒத்துழைத்தால் அப்படியே உன் வீட்டுக்கும் வருகிறேன், கீழ் ரூமை ஒழித்து வை.

அன்புடன்,
ராமு