கிள்ளிப் பாருங்கள், களாவா இல்லையா தெரிந்துவிடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர்வேலி, அதாவது செடிகளையே வேலியாக வளர்ப்பது பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். கம்பி வேலி போட்டே காசைக் கரைத்த இந்தக் காலத்தில் களா என்ற முள்செடியை ஞாபகப்படுத்தினீர்களே, அதற்கே நன்றி. ஆனால் 'களா' என்று போட்டிருந்த படம் களா இல்லை, சொத்தைக்களா. பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர செடி வேறு, குடும்பம் வேறு. படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே இலைகள் மாறி மாறி நிற்பதும், ஓரம் ரம்பப் பல் மாதிரி இருப்பதும் தெரிகிறது.

சொத்தைக்களாப் பழமும் தின்னக்கூடியதுதான், யாருக்கும் ஆபத்தில்லை. இருந்தாலும் நான் இதை எழுதக் காரணம் உண்டு. நானே ஏமாந்தவன். ஒரு நர்சரியில் களா என்று சொல்லிக் கொடுத்த முப்பது கன்றுகளை வரப்போரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் காவல் காத்து, கடைசியில் இதழே இல்லாமல் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ பூத்தபோதுதான் தலையில் கை வைத்தேன்.

இவ்வளவுக்கும் கன்று வாங்கும்போது ஓர் இலையைக் கிள்ளியிருந்தால் போதும். களா என்றால் கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் துளிர்க்கும், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அது மட்டும் போதாது, ஏனென்றால் விஷமான அரளியும் இதே குடும்பம்தான், அதிலும் பால் வரும். அதனால் முள்ளையும் பாருங்கள். அரளிக்கு முள் கிடையாது. களாவின் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக, ஓரம் மழமழவென்று, தோல் மாதிரி தடித்துப் பளபளப்பாக இருக்கும். முட்களும் ஜோடியாக வரும், பல முட்கள் நுனியில் கவைக்கம்பு மாதிரி இரண்டாகப் பிரியும். பால், முள், ஜோடி இலை, மூன்றும் சேர்ந்தால்தான் களா. இசங்கு என்ற முள்செடியிலும் ஜோடி இலையும் முள்ளும் உண்டு, ஆனால் பால் வராது, பழமும் வெள்ளை. சூரை என்று இன்னொரு முள்செடி, அதன் முள் கொக்கி போல வளைந்து வேட்டியைப் பிடிக்கும். பூத்துவிட்டால் குழப்பமே இல்லை, களாப்பூ வெள்ளையாக, ஐந்து இதழோடு, மல்லிகை வாசத்தோடு இருக்கும்.

களாவிலும் இரண்டு உண்டு. கரட்டுக்காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் பறித்துத் தின்பது சிறுகளா, சுண்டைக்காய் அளவுதான். ஊறுகாய்க்குப் பெருங்களா. பேக்கரியில் பன் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் 'செர்ரி' இருக்கிறதே, அது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய இந்தக் களாக்காய்தான்! களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒரு சேர மன்னனே இதைத் தலையில் சூடிப் பெயர் வாங்கியிருக்கிறான், நாம் அதைச் செர்ரி என்று நினைத்துத் தின்கிறோம்.

சரி, வளர்ப்பதற்கு வருகிறேன். கட்டுரையில் விதையைக் காயவைத்து எடுத்துவைக்கச் சொல்லியிருந்தீர்கள். அவரை விதைக்கு அது சரி, களாவுக்குச் சரிப்படாது. இதன் விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். நன்றாகக் கறுத்த பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவிவிட்டு, கையோடு விதைத்துவிட வேண்டும். கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடிப்பது அபூர்வம், மழைக்காலத்தில் பதியன் போட்டால், அதாவது கிளையை வெட்டாமல் செடியிலேயே வேர் விடவைத்துப் பிரித்தால், வரும். நாற்று மெதுவாகத்தான் வளரும், ஒரு வருடமாவது பையில் இருக்கட்டும், அப்புறம் மழை பார்த்து இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக வையுங்கள். கல்லாங்கரடோ செம்மண்ணோ எதுவானாலும் பரவாயில்லை, தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வேர் பிடித்துவிட்டால் வறட்சியைப் பற்றி அது கவலைப்படாது. மூன்றாம் வருடத்திலிருந்து காய் பார்க்கலாம். பூ கிளை நுனியில்தான் கொத்தாக வரும் என்பதால், வேலி அழகாக இருக்க வேண்டும் என்று கண்ட நேரத்தில் கத்தரித்தால் காயும் போய்விடும். பறித்து முடித்த பிறகு கத்தரியுங்கள்.

இரண்டாம் முறை நானே விதை போட்டு வளர்த்த செடியிலிருந்து ஒரு கிளையைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முள்ளின் கவை அதில் தெளிவாகத் தெரிகிறது. இடம் இருந்தால் போன வாரப் படத்துக்குத் திருத்தமாக இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
சிறுமலை அடிவாரத்து வாசகன்