நின்ற இயந்திரத்தைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பாதுகாப்புக் குழுவின் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். கையுறையோடு லேத்தின் அருகே போனதற்காகப் பயிற்சிக் காலத்தில் என்னை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டவர் அல்லவா நீங்கள்! ஆபத்துகளை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சென்ற மாதம் எங்கள் பேக்கிங் பிரிவில் நடந்ததையே அதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

பெட்டிகளை உருளைகள் மேல் நகர்த்திச் செல்லும் கன்வேயரில் ஓர் அட்டைப்பெட்டி சிக்கிக்கொண்டது. அங்கிருந்த பணியாளர் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டு, கை உள்ளே போகாதபடி மூடியிருந்த தடுப்பைக் கழற்றி, உருளைகளுக்கு இடையே முழங்கை வரை கையை விட்டிருக்கிறார். மறுமுனையில் நின்றவருக்கு இவர் கண்ணில் படவில்லை. யாரோ தவறுதலாக நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணி, பொத்தானை விடுவித்து ஓட்டிவிட்டார். சட்டைக் கையை உருளை சுருட்டி இழுத்தது. துணி நைந்த பழைய துணியாக இருந்ததால் கிழிந்துகொண்டு போயிற்று, கை தப்பியது. கிரீஸ் படிந்த அந்தத் துண்டை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஆய்வுக்குப் போகும் நாம் ஓடும் இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு, தடுப்புகள் சரியாக இருப்பதாகக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஆனால் அடைப்பு எடுக்கும்போதும், துடைக்கும்போதும், பழுது பார்க்கும்போதும்தான் மனிதனின் கை உள்ளே போகிறது. அந்த வேலைகளோ நம் பட்டியலில் இருப்பதில்லை. ஆகவே, தடுப்பை யார், எப்போது, எதற்காகக் கழற்றுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் அல்ல, இரவு ஷிப்டில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

நிறுத்தப் பொத்தான் இயந்திரத்தை நிறுத்துமே தவிர, மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடாது. இப்போது எங்கள் பிரிவில் மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளே கை வைக்கும் ஒவ்வொருவரும் அதில் தத்தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்கிறார்கள். குழாயில் தங்கிய காற்றழுத்தத்தை வெளியேற்றுவதும், தூக்கி நிறுத்திய பாரத்துக்கு முட்டுக் கொடுப்பதும் இதில் அடக்கம்.

ஆயினும் பூட்டு பாதி வேலைதான். பெட்டி ஏன் சிக்குகிறது என்று இரண்டு நாள் நின்று பார்த்தோம். வழிகாட்டித் தகடு ஒன்று வளைந்திருந்தது. அதை நிமிர்த்தியபின் சிக்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது, கையை உள்ளே விடும் தேவையும் போயிற்று. ஆபத்தை அடியோடு நீக்குவது, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைப்பது, அடுத்துத் தடுப்பு அமைப்பது, அதன்பின் விதியும் பயிற்சியும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹெல்மெட்டும் கையுறையும் என்ற வரிசையை நாம் படித்திருக்கிறோம். கூட்டங்களிலோ பேச்சு எப்போதும் கடைசியிலிருந்தே தொடங்குகிறது. சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற வரம்பிலிருந்து 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்தச் சத்தத்தில் இருக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது ஒரு கணக்கு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். நாங்களோ சத்தமிடும் இயந்திரத்தில் தளர்ந்துபோன பேரிங்கை மாற்றாமல் காதடைப்பான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஷிப்ட் மாறும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். 1988-இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்ப்பை ஓட்டினார்கள், கசிவு ஏற்பட்டு வெடித்தது. பராமரிப்பு வேலைக்கு முன் அனுமதியை எழுதிக் கொடுக்கும் பணி அனுமதிச் சீட்டு முறை அங்கும் இருந்தது. எங்கள் சீட்டுகளை இப்போது இரு ஷிப்டினரும் இயந்திரத்தின் அருகிலேயே நின்று கைமாற்றிக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் வீணாகிறது என்ற முணுமுணுப்பும் இருக்கிறது.

உங்கள் தொழிற்சாலையில் ஓர் இரவு முழுவதும் நின்று, தடுப்புகள் எத்தனை முறை கழன்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். பூட்டுகளுக்கான படிவத்தை அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்