பெக்கோ இறங்குமுன் ஆரையைப் பாருங்கள்

மட்டக்களப்பு மாவட்டக் கமக்காரர் அமைப்புகளுக்கும், வட்டவிதானைமாருக்கும், குளத்திருத்த வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

கோடையில் குளம் வற்றியதும் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறங்கிவிடும். அதற்குள் இதை வாசித்துவிடுங்கள்.

நாம் கேட்பது குளக்கரையில் படரும் ஆரை என்ற செடிக்காக. ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை மண்டிக் கிடந்த இடம் என்று ஊரார் பொருள் சொல்வர். பலர் இதைப் புளியாரை என்று நினைத்துவிடுகிறார்கள். புளியாரைக்குச் சிற்றிலை மூன்று, மஞ்சள் பூ, வாயில் வைத்தால் புளிப்பு. ஆரைக்குச் சிற்றிலை நாலு, பூவே கிடையாது. இது பன்னம், அதாவது வித்தி என்ற நுண்துகளால் பெருகும் செடி வகை. மார்சிலியா என்ற பேரினம்.

பூவும் விதையும் இல்லாத இச்செடி கோடையைத் தாண்டுவது வித்திகளைப் பொதிந்து வைக்கும் வித்திக்கனியால். இலைக்காம்பின் அடியில் உளுந்தளவில், கறுத்துக் கல்லாய் இறுகியிருக்கும். உலர்த்திச் சேமித்த மாதிரிகளில் நூறாண்டளவு கிடந்த வித்திக்கனிகளும் முளைத்திருக்கின்றன. ஓடு உடைந்து நீர் பட்டால் அரைமணி அளவில் பசைபோன்ற ஒரு கயிறு உப்பி வெளியே வரும். வித்திப்பைகள் அதில் தொங்கும். பெண்ணாகும் மாவித்தியும் ஆணாகும் நுண்வித்தியும் ஒரே கனிக்குள் இருப்பதால், ஒரு கனியிலிருந்தே புதிய கூட்டம் உருவாகலாம். கருக்கட்டல் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது? ஆழநீரில் ஆரை இலைகளை மிதக்கவிட்டுப் படரும், ஆனால் கனி வைக்காது. நீர் இறங்கிச் சேறு காயும்போதே கனி வைக்கும். கரையைச் செங்குத்தாக வெட்டி, குளத்தை ஒரே ஆழமாக்கினால் இந்த ஈரச்சேற்று விளிம்பு இல்லாமற்போகிறது. தோண்டிய மேல்மண்ணை அணைக்கட்டில் கொட்டினால், பல ஆண்டுக் கனிகளும் அதோடு போய்விடும்.

ஆகவே, ஆரை படர்ந்த கரையில் ஒரு பகுதியையாவது ஒரு மீற்றர் ஆழத்துக்குப் பத்து மீற்றர் நீளம் என்ற சரிவில் விடுங்கள். அங்கே மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணை முதலில் தனியே வழித்து, நிழலில் அரை மீற்றருக்கு மேல் உயராமல் குவியுங்கள். பொலித்தீனால் மூடக்கூடாது, உள்ளே வெந்து, கொடியும் வேரும் அழுகிவிடும். ஆழ மண்ணோடு கலந்தாலும் பயனில்லை, புதைந்த கனி வெளியே வராது. மாரி மழைக்கு முன் அதே விளிம்பில் மெல்லிய படையாகப் பரப்புங்கள்.

வயலில் ஆரை களைதான், மறுக்கவில்லை. பென்சல்பியூரன் வகைக் களைநாசினிக்கு அது எளிதில் மடியும். வயலுக்குள் அடியுங்கள், வாய்க்கால் ஓரத்தில் ஒரு மீற்றர் விட்டு, காற்றில்லாத காலையில் அடியுங்கள். ஐரோப்பாவில் மார்சிலியா குவாட்ரிபோலியா என்ற ஆரை இனம் அருகிப்போய், சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற வேண்டி வந்தது. இங்கும் அந்நிலை வரவேண்டாம்.

குளத்தை மூடும் சல்வீனியாவும் பன்னம்தான், ஆரையின் தூரத்து உறவு. 1939 இல் இலங்கைக்குள் வந்தது. அதை அள்ளியே ஆகவேண்டும். ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி படரும் என்பதால் கரைக்கு அப்பால் உலரவிடுங்கள். ஆனால் சல்வீனியா அள்ளும் முள்வாரியே கரை ஆரையையும் பிடுங்கிக்கொண்டு போகும். கரையோரத்தில் கையால் அள்ளச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும், கூடட்டும்.

ஆரை அழிந்த குளத்தில் மீள நடுவதானால், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள 10–15 சென்ரிமீற்றர் கொடித்துண்டைச் சேற்றில் 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, மேலே விரலளவு நீர் நிறுத்துங்கள். வாவியின் உவர்நீர் ஏறும் இடம் வேண்டாம். கனியிலிருந்து வளர்ப்பவர்கள் ஓட்டின் ஒரு முனையை மணற்கடதாசியில் தேய்த்து மழைநீரில் இடலாம். குஞ்சுச் செடியின் முதல் இலைகள் புல்போல ஒற்றையாக வரும், பிறகு இரண்டாகப் பிரியும், நாலிலை கடைசியில்தான். புல்லென்று பிடுங்கிவிடாதீர்கள்.

அடுத்த குளத்திருத்த மதிப்பீட்டில் இந்தச் சரிவையும் மண் ஒதுக்கும் வேலையையும் தனித்தனி வரிகளாகச் சேர்க்குமாறு கேட்கிறோம்.

இப்படிக்கு,
நீர்த்தாவரங்களில் ஈடுபாடுடைய சிலர்,
மட்டக்களப்பு