செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த வருஷம் படம் மாற்றியே போனது

நம் பழைய கணினிச் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். சந்தா, அறை வாடகை, கரண்ட் பில் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல வண்ணாரப்பேட்டை மாடி அறையில் நடந்தன, மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. மற்றபடி செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ஃபிளாப்பி, கேசட்டுகளில் இருந்த படங்களை இன்றைய கணினியில் திறக்கும்படி மாற்றியது.

"ஒரு கன்வெர்ட்டர்ல போட்டா வந்துடுமே" என்று முதல் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். பல நேரம் வராது, வந்தாலும் கோணலாக வரும். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் படக் கோப்பு என்பது பெரும்பாலும் திரை நினைவகத்தை, அதாவது திரையில் தெரிவதை மெஷின் வைத்திருக்கும் இடத்தை, அப்படியே அள்ளி எழுதியது. ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியின் படம் 6912 பைட், அதில் புள்ளிகளுக்கு 6144 பைட், நிறங்களுக்கு 768 பைட், அவ்வளவுதான். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கோப்பில் ஒரு வார்த்தை இருக்காது. வரிகள்கூட மேலிருந்து கீழே ஒழுங்காக வராது, திரையை மூன்று பங்காக்கி ஒவ்வொரு பங்கிலும் எட்டு எட்டு வரியாகத் தாண்டித் தாண்டிப் போகும்.

நம்மை ரொம்பப் படுத்தியது பிபிசி மைக்ரோ. 1984இல் மத்திய அரசின் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த அதே மெஷின்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அன்றைக்கு மாணவர்கள் வரைந்த பொங்கல் பானைப் படத்தை ஃபிளாப்பியில் கொண்டுவந்தார். கோப்பு 20480 பைட். அந்த மெஷினில் திரையைக் காட்டும் முறைகளை மோட் என்பார்கள். மோட் 0, 1, 2 மூன்றுக்கும் திரை நினைவகம் அதே அளவு, ஆனால் ஒரே பைட்டை முதலாவது 8 புள்ளியாகவும் அடுத்தது 4 ஆகவும் மூன்றாவது 2 ஆகவும் படிக்கும், எது என்று கோப்பு சொல்லாது. மூன்றையும் போட்டுப் பார்த்ததில் மோட் 2இல் பானை தெரிந்தது. ஆனால் கரும்பு மெஜந்தா நிறத்தில் நின்றது! பசங்கள் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த மாற்றம் திரை நினைவகத்தில் இருக்காது, அதனால் கோப்பிலும் இல்லை. சாருக்குக் கரும்பு பச்சை என்று நினைவிருந்ததால் தப்பித்தோம்.

அமிகா கணினியின் ஐஎஃப்எஃப் படக் கோப்பு நல்ல பிள்ளை, அளவு, நிறப் பட்டியல் எல்லாம் உள்ளேயே இருக்கும். அங்கே தொல்லை ஃபிளாப்பியில்தான்: 880 கிலோபைட் வட்டைச் சாதாரண பிசி டிரைவ் படிக்காது, அதைப் படிப்பதற்கென்று கிரீஸ்வீசல் என்ற போர்டு ஒன்று வாங்கினோம். அட்டாரி எஸ்டி கணினியில் டீகாஸ் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த படங்கள் சிக்கலில்லாமல் வந்தன.

கமடோர் 64 கணினியில் கோவாலா என்ற மென்பொருளில் வரைந்த படங்களை வைத்து நடந்த சண்டை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 160க்கு 200 புள்ளி, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மடங்கு அகலம். அப்படியே திறந்தால் ஆட்கள் எல்லாம் ஒல்லியாகத் தெரிவார்கள். ஒரு தரப்பு 'மூலப் புள்ளியைத் தொடாதே' என்றது, இன்னொரு தரப்பு அகலத்தை இரட்டிக்கச் சொன்னது. புள்ளிச் சுத்தம் பேசியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த ஒல்லி முகத்தை வரைந்தவரே ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் சரியாக இரண்டு மடங்காக்கி பிஎன்ஜியில் வைப்பது, பழைய கோப்பையும் பக்கத்திலேயே வைப்பது என்று தீர்மானம் ஆனது. எந்தக் கணினி, எந்த மோட், என்ன நிறம் என்று ஒரு சின்ன உரைக் கோப்பும் கூடவே இருக்க வேண்டும். பழைய கோப்பை அழித்தால் அப்புறம் யாராலும் மீட்க முடியாது. தயவுசெய்து ஜேபெக் வேண்டாம், கூர்மையான விளிம்பெல்லாம் அழுக்காகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதிதான், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பொங்கலுக்கு வைத்த கண்காட்சியில் இதையே தலைகீழாகச் செய்தோம். ராயபுரம் ரயில் நிலையத்தின் போட்டோவை ஸ்பெக்ட்ரமில் ஏற்ற வேண்டும். 1856இல் திறந்த கட்டடம், சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண்கள். ஸ்பெக்ட்ரமில் 8க்கு 8 கட்டத்துக்கு இரண்டே நிறம், அந்த இரண்டும் ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். முதலில் தூண் ஓரத்தில் வானத்து நீலமும் சுவரின் சிவப்பும் ஒரே கட்டத்தில் மோதி, சுவரின் சிவப்பு வானத்துக்குள் கட்டம் கட்டமாக ஏறிவிட்டது. இல்லாத நிறத்தை இருக்கிற நிறப் புள்ளிகளைக் கலந்து காட்டும் ஃபிளாய்டு ஸ்டைன்பர்க் முறையில் புள்ளி தூவியும் சரியாகவில்லை. நம் இளைய உறுப்பினர் ஒருவர்தான் போட்டோவையே நான்கு புள்ளி இடப்பக்கம் நகர்த்தினார், தூண்களின் ஓரம் கட்டத்தின் கோட்டில் உட்கார்ந்தது, பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கேசட்டிலிருந்து அந்தப் படம் திரையில் ஏற முக்கால் நிமிஷம்போல ஆகும். இந்தக் காலத்துப் பசங்கள் நகராமல் பார்த்தார்கள், எனக்கே ஆச்சரியம்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு: உப்புக் காற்றில் டிரைவ்கள் துருப்பிடிக்கின்றன. பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியை நேராக டிரைவில் போடாதீர்கள், ஹெட் அழுக்காகி அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், துடைத்துத் தருகிறோம்.

இன்னும் படிக்காத வட்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. அடுத்த குழு எம்எஸ்எக்ஸ் வகைக் கணினிகளின் கேசட்டுகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை, நாடாக்கள் தாங்காது. துணைச் செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் பெயர் தரவில்லை. இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டதும் தேர்தல், அதன் பிறகு சாப்பிட அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சொல்லியிருக்கிறது, தேர்தல் முடியாமல் பார்சலைப் பிரிக்கக் கூடாது என்று தலைவர் சொல்லச் சொன்னார்.